சு.மா. 74

ஸஹம் கடற்கரையில், சங்க விருந்தில்,
தயிர்ப் பச்சடி தீர்ந்த நேரத்தில் சண்டை தொடங்கியது.
இங்கே முதலில் வந்து இறங்கியது யார்?
பக்கீர் மைதீன், டெய்லர், என்றது தேவிபட்டினம்.
மாசாணம், பம்ப் மெக்கானிக், என்றது வள்ளியூர்.
நான் கணக்கெழுதுகிறவள்.
சாட்சி இருக்கிறதா என்றேன்.
அப்படியானால் நீயே தேடு என்று
இரண்டு கட்சியும் முதல்முறையாக ஒத்துப்போனது.

நூற்றுத்தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு வாங்கி
நடுப்பக்கத்தில் மரம் வரைந்தேன்.
தகப்பனுக்குக் கீழே பிள்ளை, அதற்குக் கீழே பேரன்
என்று தொடங்கி அரைமணியில் அழித்தேன்.
பக்கீர் மைதீன் பெற்றது மூன்று பெண்கள், ஊரோடு சரி.
இங்கே அவர் விசா எடுத்தது சூசைமிக்கேலுக்கு.
சூசைமிக்கேல் எடுத்தது மைத்துனன் பிச்சையாவுக்கு.
பிச்சையா எடுத்தது, வாங்கிய கடனுக்குப் பதிலாக,
பரமக்குடி இருளப்பனுக்கு.
இருளப்பன் யாருக்கும் எடுக்கவில்லை,
அம்மாவைத் தவிர.
அவர் என் அப்பா.

மலையாளிக் கடையின் பற்று நோட்டு
கரையான் தின்றது போக நாற்பது தாள்.
‘மாசா – மத்தி டின் 2, கவர் 1, பாக்கி 350 பைசா.’
தேதி இருந்த மூலையைத்தான் கரையான் தின்றிருந்தது.
அந்த 350 பைசாவை யாரும் அடித்திருக்கவில்லை.

வள்ளியூருக்குப் போன் போட்டேன்.
மகன் எடுத்தார், பேருந்து இரைச்சலுக்கு நடுவே.
‘அப்பா துபாயில இருந்தாக.’
துபாய் இல்லை அண்ணே, ஓமான். ஸஹம்.
‘எல்லாம் துபாய்தானம்மா.’
பிறகு அவரே கூப்பிட்டு,
பழைய கவரின் பின்புறம் இருந்த
தபால்பெட்டி எண்ணை
ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார்.
எங்கள் தபால் நிலையத்துப் பெட்டிதான்.
கடைசி இலக்கத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.
எத்தனை பக்கத்தில் இருந்தோம் என்பது போல,
அல்லது சார்ஜ் தீர்ந்திருக்கலாம்.

ஹமூத் வீட்டுத் தோட்டத்தில் எலுமிச்சை பாதி காய்ந்திருந்தது.
கடல் உள்ளே வந்து கிணற்றை உப்பாக்கிவிட்டது.
பேரன் தாலிப் பழைய தொட்டியைக் காட்டினான்.
சிமெண்ட் ஈரமாயிருக்கும்போது ஆணியால் கீறியது:
சு.மா. 74.
கால் நூற்றாண்டுப் பாசியைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால்
அது 79 ஆகவும் இருக்கலாம்.
பக்கீர் மைதீன் பாஸ்போர்ட்டில் முத்திரை 76.
ஒரு கோட்டின் வளைவில் நிற்கிறது வரலாறு.
விரலை வைத்துத் தடவினேன்; விரலுக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போது தண்ணீர் லாரி வந்தது.
வங்காளத்து ஓட்டுநர் செல்போனில் கத்தினான்:
‘மஸானி வந்துட்டேன், மஸானி. கேட்டைத் திற.’
மஸானி யார் என்றேன் தாலிப்பிடம்.
யாரும் இல்லை, இந்த வயலுக்குப் பேர் என்றான்.
அரபியில் என்ன அர்த்தம்?
தோளைக் குலுக்கினான்.
வயலுக்குப் போய் யாராவது அர்த்தம் கேட்பார்களா.

நோட்டில் அதைப் பென்சிலால் எழுதினேன்.
வயலில் இப்போது இருப்பது குதிரைமசால்;
என் காதுக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்னவோ.

மரத்தில் என்னை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
ஸோஹார் ஆஸ்பத்திரியில் பிறந்தேன்.
முப்பத்தேழு வயதுக்குள்
பதினெட்டு முறை புதுப்பித்திருக்கிறார்கள் என்னை.
யாரும் விசா எடுத்து வராத ஒரே பெயர் என்பதால்
தாளின் ஓரத்தில் கிளையில்லாமல் எழுதினேன்.
அட்டை அக்டோபரில் காலாவதி.

அறிக்கையைச் சங்கத்தில் வாசித்தேன்.
தேவிபட்டினம் ஏற்கவில்லை.
மாசாணம் கிணற்றில் இறங்கும்போது போட்டிருந்த
காக்கிச் சட்டையைத் தைத்தது யாராம் என்று கேட்டார்கள்.
நல்ல கேள்வி.
எழுதிக்கொண்டேன்.