ஆரும் இல்லாத படம்

ஐம்பத்துநாலு வயதில் மெற்றில்டா
தன்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னார்.
"இருக்கிற படத்தில எல்லாம் ஆராவது நிக்கினம்.
மடியில ஒண்டு, தோளில ஒரு கை.
தனிய இருக்கிறது பாஸ்போட்டில மட்டுந்தான்,
அதில நான் கள்ளி மாதிரி."

ஹமில்ற்றன், பார்ட்டன் வீதி,
பதினோராம் மாடி.
இரவெல்லாம் தெருப்பனியை வழித்துத் தள்ளும்
நகரசபை வண்டியின் சாரதி.
பகல் பதினொரு மணிக்கு
தூங்கி எழுந்த முகத்தோடு
சமையலறைக் கதிரையில் வந்து அமர்ந்தார்.

கமெராவுக்குள் பார்த்தேன்.
முகத்தைத் தவிர எல்லாம் தெரிந்தது.

கொண்டைக்கு மேலே
இரும்பாலையின் புகைபோக்கி முளைத்திருந்தது.
கதிரையை இரண்டடி இடப்பக்கம் இழுத்தேன்.
புகைபோக்கி போனது,
காதில் மளிகைக்கடை நாட்காட்டி தொங்கியது.
கழற்றினேன். ஆணி நின்றது.
ஆணியைப் பிடுங்கினேன்.
துளை கறுப்பாய் என்னையே பார்த்தது.

ரைஸ் குக்கரின் சிவப்புப் பொட்டு,
சோறு வெந்தபிறகும் அணையாத பிடிவாதம்.
வயரை இழுத்துவிட்டேன்.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தங்கள்:
நயாகரா, லூர்து மாதா,
பல் வைத்தியரின் தொலைபேசி எண்.
அள்ளி மேசையில் வைத்தபோது
ஃபிரிட்ஜ் உறுமியது.
அதன் உயிரையும் நிறுத்தினேன்.
"சத்தமும் படத்தில விழுமோ?"
விழாது அக்கா. ஆனாலும் விழும், என்றேன்.

"வேலை உடுப்புத்தான் வடிவெண்டு போட்டனான்."
அதன் ஒளிப்பட்டைகள்
ஃபிளாஷ் படாமலே கூச்சலிட்டன.
"உள்ளுக்குப் பழைய சுவெற்றர்தான்."
அதுதான் வேண்டும்.

பின்னால் ஒரு சாம்பல் போர்வை.
போர்வைக்கும் முதுகுக்கும் நடுவே நான்கடி,
நிழல் விழுந்து தொலைந்துபோக.
லென்சை அகலத் திறந்தேன்,
மடிப்புகள் கரைந்து
மழைக்கு முந்திய வானமாகின.

முகம் வந்தது.
கூடவே ஒரு சிரிப்பும் வந்தது.
கலியாண வீட்டு மேடையில்
வரிசையில் நிற்பவர்கள் எடுத்து மாட்டுவது.
அதை எப்படிக் கழற்றுவது?
அது ஆணியில் இல்லை.

காத்திருந்தேன்.
அலைபேசி அதிர்ந்தது;
கொண்டுபோய் அடுத்த அறையில் வைத்தார்.
திரும்பி வந்தவருக்குக்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ஸ்டியரிங் இல்லாத கை.
பிள்ளை இல்லாத மடி.
சிரிப்பு மெல்ல அலுத்து இறங்கியது.

பன்னிரண்டு நிமிடம் இருக்கும்.
ஜன்னலுக்கு வெளியே பனி தூவத் தொடங்கியது.
தலை திரும்பவில்லை, கண் மட்டும் போனது.
எத்தனை சென்றிமீற்றர் விழும்,
எந்தத் தெருவுக்கு முதலில் உப்பு,
எந்த மேட்டில் சில்லு வழுக்கும் என்று
தன் ஊரைக் கணக்கெடுக்கிற கண்.

ஒரே ஒரு சொடுக்கு.

வீட்டில் திரையில் பெரிதாக்கினேன்.
சுவெற்றரில் ஒட்டிய வெள்ளை நூலை அழித்தேன்.
மேலுதட்டுத் தழும்பை விட்டேன்.
நூல் அன்றைக்கு வந்தது,
தழும்பு அவரோடு வந்தது.

இன்னும் பெரிதாக்கினால்
கருமணியின் நடுவில் ஜன்னல்,
ஒரு சின்ன வெள்ளைச் சதுரம்.
அதன் ஓரத்தில் கூனிக்கொண்டு ஓர் ஆள்.
கண்ணுக்குள் இருப்பதைப்
பாவை என்று சொன்னவர்கள்
இவ்வளவு கிட்டப் போயிருக்க வேண்டும்.

அழித்துப் பார்த்தேன்.
சதுரம் போனதும்
மீன்கடைக் கண்ணாகிவிட்டது.
திருப்பி வைத்தேன்.

பெரிய தாளில் அச்சிட்டுக் கொடுத்த நாள்,
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
நெடுநேரம் பார்த்தார்.
"தம்பி, இந்தக் கண்ணுக்குள்ள ஆர் நிக்கிறது?"
நான்தான். எடுத்தால் கண் செத்துவிடும்.
தூரப் பிடித்தார். கிட்டப் பிடித்தார்.
"சரி. சின்னனாத்தானே நிக்கிறீர்.
நில்லும்."