முட்டைக்கு எங்கள் வீட்டுச் சொல்

எங்களுக்கு ஆமா என்றால் அம்மா.
இங்கே எல்லோரும் ஆமா, ஆமா என்கிறார்கள்.
வந்த புதிதில்
தளி சந்தையில், பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில்
யாரோ தொலைத்த அம்மாவை
ஊரே சேர்ந்து தேடுகிறது என்று
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மகாகாளிப் பாலத்தை நடந்து கடந்தபோது
யாரும் எதுவும் கேட்கவில்லை.
மூட்டையைத் தட்டிப் பார்த்த போலீஸ்காரர்
போ என்று கை காட்டினார், அவ்வளவுதான்.
இங்கே ரெஜினா டீச்சரின் கம்ப்யூட்டர் கேட்கிறது
பன்னிரண்டு இலக்கம்.
அந்தக் கட்டம் காலியாக இருந்தால்
அடுத்த பக்கம் திறக்காதாம்.
டீச்சர் தினமும் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார்,
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.
அதுவரை வருகைப் பதிவேட்டின் கடைசி வரியில்
பென்சிலில் இருக்கிறேன்:
மன்சரா.

ஆமா ஐந்தரைக்கே ரோஜாக் கூடாரத்துக்குப் போய்விடுவாள்.
தாஜ்மகால் என்று ஒரு சிவப்பு.
மொட்டிலேயே வலைத்தொப்பி மாட்டி
விரியவிடாமல் வளர்க்கிறார்கள்.
இருபது தண்டு ஒரு கட்டு.
தமிழில் ஆமாவுக்கு இருபது வரை தெரியும்,
அதற்கு மேல் தேவைப்படவில்லை.
பா அதே தோட்டத்துக்கு ராத்திரிக் காவல்.
தளிக் குளிரை எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள்.
பா ஸ்வெட்டரின் பொத்தானைக்கூடப் போடுவதில்லை.

அன்று மத்தியானம் வரிசை முடிகிற இடத்தில் நான்.
தட்டில் சோறு இருந்தது, மற்றது இல்லை.
பாப்பம்மாக்காவிடம் கேட்டேன்:
அக்கா, எனக்கு ஃபுல் வரலை.
கடைசி பெஞ்சு உருண்டு சிரித்தது.
ஃபுல் டாஸ்மாக்கில்தான் தருவாங்க என்றான் முனிரத்னம்.
அவன் அப்பா வாங்கி வருவாராம்.
அதைச் சொன்ன பிறகு அவன் மட்டும் சிரிக்கவில்லை.

முட்டைடி, என்றாள் சந்தனா.
பிறகு காதோரம் வந்து, எங்க வீட்ல மொட்டெ.
ஒன்றாம் வகுப்பில் எனக்கு மொட்டெ என்று அவள் கேட்க,
திருப்பதிக்கா போறே என்று டீச்சர் கேட்க,
இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு
சாயங்காலம் வரை அழுதிருக்கிறாள்.
முனிரத்னம் வீட்டில் குட்டு.
கேட்டால் நிச்சயம் கிடைக்கும், தலையில்.
அஃப்ரீன் ஒன்றும் சொல்லவில்லை.
சாம்பார் கொதிக்கிற அண்டாவைக் கண்ணால் காட்டிவிட்டு
வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.
அவள் வீட்டில் முட்டை அவ்வளவு பெரிது என்பது
எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

நான் சொன்னேன்:
எங்க வீட்ல பூவுக்கும் முட்டைக்கும்
காதுக்கு ஒரே சொல்.
சந்தனா தன் முட்டையைக் கையில் எடுத்து
வாசனை பார்த்தாள்.

பிப்ரவரி பிறந்ததும் ஆமா வர இரவு பதினொன்று.
காதலர் தினத்துக்குப் பூ விமானம் ஏறுகிறது.
பெட்டிக்குப் பெட்டி ஒரு நம்பர் ஒட்டுகிறாள்,
போகிற ஊரின் பெயரைப்
படிக்கத் தெரியாமலே.

முட்டையை டப்பாவில் வைத்து விழித்திருந்தேன்.
சொல்லு ஆமா, முட்டை.
மொட்டு, என்றாள்.
மொட்டு இல்லை, முட்டை. மு.
மொட்டு.
எனக்குக் கோபம் வந்தது.
உதட்டைக் குவித்துக் காட்டினேன்,
கரும்பலகை இல்லாததால் சுவரில் விரலால் எழுதினேன்.
அவள் பிளாஸ்திரி சுற்றிய விரல்களால்
சால்வை மடிப்பைப் பிரித்தாள்.
தண்டு கோணல் என்று கழித்துப்போட்ட ஒன்று,
வலைத்தொப்பியோடு.
மொட்டு, என்றாள் மெதுவாக,
தப்பாகச் சொன்னது நான் என்பதுபோல.

முட்டையைப் பிட்டு மஞ்சளை என் பக்கம் தள்ளினாள்.
வெளியே பாவின் விசில் ஒருமுறை.
தொப்பியைக் கழற்றட்டுமா என்று
தமிழில் கேட்டேன்.

ஆமா, என்றாள் ஆமா.

அந்த இடத்தில் சரி என்றுதான் சொல்வார்கள்.
நான் திருத்தவில்லை.