கழுவுகிற தண்ணீர்

வார நாட்களில் தண்ணீர் பார்ப்பது என் வேலை.
தர்மபுரியில், இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்தில்,
ஊர்ப்பெயர் ஒட்டி வந்து நிற்கும் பாட்டில்கள்.
எதைத் தூக்கிப் பார்த்தாலும் தெளிவாகத்தான் இருக்கும்.
தெளிவை நம்பாததற்குச் சம்பளம் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி.
பச்சை இரும்பு உப்பு, சிவப்புப் படிகம்,
தனித்தனியே கரைத்து
படிக்கட்டடி மஞ்சள் பல்பில் கலந்து
தடித்த காகிதத்தில் பூசினால்
காயும்போது எலுமிச்சைத் தோல் நிறம்.
மேலே நெகட்டிவ். அதன்மேல் கண்ணாடி.
நாலு மூலைக்கும் துணிக் கிளிப்பு.
பங்குனியென்றால் ஏழு நிமிடம்,
ஐப்பசியென்றால் மேகத்தைக் கேட்க வேண்டும்.

அன்று கண்ணாடிக்கடியில் கிடந்தவர்
இண்டூர் மினிபஸ் கண்டக்டர் மாதையன்.
ஊதலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார்,
சிரிப்பு வந்தால் டிக்கெட் கட்டால் வாயை மூடுவார்.
படியில் நிறுத்திப் பெட்டிக் கேமராவில்
முறைத்த முகமாகத்தான் எடுக்க இருந்தேன்.
பின்சீட்டுப் பையிலிருந்து ஒரு கோழி தப்பி
டிரைவர் மடியேறியது.
ஒரு கையில் சில்லறை, மறுகையில் கம்பி.
மூட அவருக்குக் கையில்லை.
அழுத்திவிட்டேன்.

"அத மட்டும் அழிச்சிரும்மா."
சரி என்றேன்.

அழிக்கவில்லை. நெகட்டிவை ஜன்னலில் சாய்த்து
ஊசியாய்ச் சீவிய பென்சிலால்
முன்பல்லில் ஒரு புள்ளி, பிறகு இன்னொன்று.
பழைய ஸ்டுடியோக்காரர்கள் செய்ததுதான்:
நெகட்டிவில் கறுப்பேற, படத்தில் வெளுக்கும்.
ஒரு பல் முடிந்தது.
வெளிச்சத்தில் பார்த்தேன்,
அவர் வாயில் வேறு யாரோ குடிவந்திருந்தார்.
பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.

முதல் படத்தைக் கழுவ
ஆபீஸ் வடிநீர் கேனைத் தூக்கினேன், காலி.
வீட்டு போர்க் குழாயைத் திறந்தேன்.
நீலம் கிளம்பியது, மீசை, காலர், ஊதல் கயிறு.
துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால்
கன்னம் இல்லை, காது இல்லை.
காரத் தண்ணீர் நீலத்தைத் தின்னும்.
தெரிந்தவள்தான். தெரிந்தும் திறந்தேன்.

இரண்டாவதற்கு மூன்று எலுமிச்சை பிழிந்தேன்.
நீலம் நின்றது.
நின்ற நீலத்தைப் பிறகு நானே
சலவை சோடாவில் மஞ்சளாய் வெளுக்கவிட்டு
கடுக்காய்ச் சாற்றில் இறக்கினேன்.
(மருந்துக்கா, சாயத்துக்கா என்று கேட்ட
நாட்டுமருந்துக் கடைக்காரரிடம்
ஒருத்தர் மூஞ்சிக்கு என்றிருந்தேன்.)

கறுப்பு திரும்பி வந்தது,
புருவத்துக்கு, மீசைக்கு, பஸ் வாசல் இருட்டுக்கு.
ஆனால் கடுக்காய்க்கு
எது படம் எது காகிதம் தெரியாது.
வெள்ளையாய் விட்ட இடமெல்லாம் குடித்தது.
வானம் பழுப்பு. சட்டை பழுப்பு.
கண்ணின் வெள்ளை, கோழியின் இறக்கை,
பல், எல்லாம் ஒரே பழுப்பு.
கறை என்று தனியாக எதையும்
அதில் காட்ட முடியவில்லை.

புதன்கிழமை பஸ் நிலையத்தில்
இரண்டையும் நீட்டினேன்.
முதலில் அந்த வெளிறியதை எடுத்தார்.
"மூஞ்சி எங்கம்மா?"
"போர்த் தண்ணி தின்னுருச்சுண்ணா."
"தின்னும். நம்ம மேல அதுக்குப் பழைய ருசி."

மற்றதை வெயிலில் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
திட்டுவார் என்று நின்றேன்.
"எம்மவளுக்குப் பல்லு வெள்ள," என்றார்,
"குழாய்ல ஆத்துத் தண்ணி வந்தப்பறம் பொறந்தவ."
வேறொன்றும் சொல்லவில்லை.

டிரைவர் எட்டிப்பார்த்து
கோழிய விட்டுட்டியே மாதையா என்றதும்
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பழக்கத்தில் கை வாய்க்குப் போனது,
கையில் டிக்கெட் கட்டு இல்லை,
படம்தான் இருந்தது.
அதை வைத்தே மூடிக்கொண்டார்.
உள்ளங்கையளவு மாதையன்
வெளிப்பக்கம் பார்த்து
மூடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஊதல். வண்டி நகர்ந்தது.
எனக்கு மூன்று ரூபாய் சில்லறை பாக்கி.