கூடுதலாக ஒரு தட்டு

வூச் நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் நான்.
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.
மூன்றாம் மாடியில் நாங்கள்.
நேர் மேலே ஸெனோன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்காருவோம்.
மேசைவிரிப்புக்கு அடியில் ஒரு பிடி வைக்கோல்,
தொழுவத்தின் ஞாபகமாக.
மெல்லிய அப்பத்தை ஆளுக்கொரு துண்டாக ஒடித்து
ஒருவரை ஒருவர் மன்னிப்போம்.
சுலபம்தான்.
மேசையில் இருப்பவர்களோடு எங்களுக்குப் பெரிய சண்டை இல்லை.
பீட்ரூட் சூப், பொரித்த கெண்டை,
முள் குத்தி முனகுகிற மைத்துனர்.
அப்புறம் யாருக்கும் இல்லாத ஒரு தட்டு,
கரண்டியோடு, மடித்த துணியோடு.
வழி தவறி யாராவது வரலாம்,
வருகிறவர் ஆண்டவராகவும் இருக்கலாம்.

பதினோரு வருடமாக யாரும் வந்ததில்லை.
பதினோரு வருடமாக
அழுக்கே ஆகாத அந்தத் தட்டையும் சேர்த்துக்
கழுவிக் கவிழ்த்திருக்கிறாள் போகுமியா.

ஸெனோனின் இருமல் எனக்கு மனப்பாடம்.
சின்னதாக இரண்டு, பெரியதாக ஒன்று,
பிறகு நாற்காலி இழுபடும் சத்தம்.
அவர் மனைவி இருந்தவரை
இரண்டு நாற்காலிச் சத்தம்.
அவளுடைய சவப்பெட்டியை இறக்கிய அன்று
எங்கள் கதவை ஒட்டித்தான் திருப்பினார்கள்,
சுவரில் கீறல் விழுந்தது.
அடக்கத்துக்குப் போக லீவு கிடைக்கவில்லை.
கேட்கவில்லை.
சனிக்கிழமை சுவருக்குப் பெயின்ட் அடித்தேன்.

அக்டோபரில் இருமல் நீண்டுகொண்டே போனபோது
போகுமியா அண்ணாந்து பார்த்தாள்.
"மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார்" என்றேன்.
மேலே இருக்கிறவரை
நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு பாதிரியார்
அடுத்திருப்பவரை நேசிப்பது பற்றிப் பேசினார்.
நன்றாகத்தான் பேசினார்.
இந்தக் குளிரில் கார் கிளம்புமா என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம், சூப் ஊற்றும்போது, அழைப்புமணி.
வெளியே ஸெனோன்.
இஸ்திரி போட்ட சட்டை, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.
கையில் எங்கள் மின்கட்டண உறை.
"தப்பி என் பெட்டியில் போட்டுவிட்டார்கள்."
என் தோளைத் தாண்டி அவர் பார்வை
மேசைக்குப் போனது,
அந்தத் தட்டில் நின்றது.
"யாரையோ எதிர்பார்க்கிறீர்கள் போல.
தொந்தரவு செய்யக் கூடாது."

ஆமாம் என்று சொல்லவில்லை நான்.
இல்லை என்றும் சொல்லவில்லை.
பண்டிகை வாழ்த்து சொன்னேன்.
எங்கள் கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு இல்லை.

யார் என்று கேட்டார் மைத்துனர்.
"யாருமில்லை."
வாயிலிருந்து வந்த பிறகுதான்
அந்தச் சொல் என் காதுக்கு வந்தது.

உறையைத் திருப்பினேன்.
முத்திரையில் டிசம்பர் இரண்டு.
இருபத்திரண்டு நாள் வைத்திருந்திருக்கிறார்,
இந்த ஓர் இரவு கீழே இறங்கி வர
ஒரு காரணம் வேண்டுமே என்று.

போகுமியா தட்டை நிரப்பினாள்.
என்னிடம் நீட்டவில்லை.
மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

பதினெட்டுப் படி.
ஊராரை இருபது மாடிக்கு ஏற்றி இறக்குகிறவன்
இந்தப் பதினெட்டை ஏறியதே இல்லை.
குழம்பு தளும்பிக் கட்டைவிரலைச் சுட்டது.

திறந்தார்.
சட்டையை இன்னும் மாற்றவில்லை.
செய்தித்தாள் விரித்த மேசையில்
டின் மீன், பாதி ரொட்டி.
அவருக்கு எதிர்ப்பக்கம்
துடைத்து வைத்த வெள்ளைத் தட்டு ஒன்று,
கரண்டியோடு, மடித்த துணியோடு.

மன்னியுங்கள் என்று ஆரம்பித்தேன்.
"முள் இருக்கும், பார்த்து" என்றார்,
டின்னை என் பக்கம் நகர்த்தி.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.
அவரும் இழுத்தார்.
கீழே போகுமியாவுக்குக்
கேட்டிருக்கும்.