கடைசியாக வந்தவள்

மசாவாவில் விடியுமுன் நிரப்பிய தண்ணீர்
கிந்தாவில் வெந்நீர்.
நெஃபாசித்தில் வெறும் பிளாஸ்டிக்.
அதற்குமேல் எத்தனை வளைவோ,
எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாம்
முன்னால் போய்விட்டார்கள்.

எனக்கு முன்னால் மூடுபனி.
பனிக்குள் சாலைச் சுவர்மேல் ஒரு பபூன்
எதையோ பொறுமையாக உரித்துத் தின்றது.
எச்சில் ஊறியது எனக்கு.
அதுவே அதிசயம்,
அதுவரை வாயில் மணல்தான்.

பசி வயிற்றில் வரும் என்று யார் சொன்னது?
முதலில் முழங்காலில் வந்தது.
பிறகு காதில், வண்டுபோல.
பிறகு தாறுமாறாக எல்லாவற்றின்மேலும்:
மைல்கல் ஒரு வெண்ணெய்க்கட்டி,
ரயில் குகை ஒரு அடுப்பு,
உள்ளே யாரோ ரொட்டி மறந்திருக்கிறார்கள்.

அர்பரோபா தாண்டி ஒரு பெண்
வாளி நிறைய பெலெஸ் வைத்திருந்தாள்.
நாகதாளிப் பழம். முள்ளோடு பிறந்தது.
"காசு இல்லை" என்றேன், ஒரு காலை ஊன்றி.
"இறங்கும்போது கொடு."
"இறங்க மாட்டேன். மேலே அஸ்மராவில்தான் வீடு."
"அப்படியானால் அடுத்த தடவை ஏறும்போது" என்றாள்,
நான் மறுபடியும் ஏறுவேன் என்று
என்னைவிட நிச்சயமாக.

இரண்டு முனையையும் சீவி
நடுவில் ஒரே கோடு கிழித்து
தோலைச் சட்டைபோல் கழற்றினாள்.
விதையோடு விழுங்கினேன்.
மூன்று. இன்னும் மூன்று.
மயிர்போல் ஒரு முள்
நாக்கு நுனியில் இறங்கிவிட்டது,
அதைக் கவனிக்க நேரமில்லை.

கடைசியில் வருபவர் காசு கொடுக்க வேண்டும்,
அது எங்கள் கும்பலின் சட்டம்.
எட்டு ஞாயிறு மற்றவர் காசில் தின்றவள் நான்.
"வா சிகெரேடா, உன் நாற்காலிக்கே
கால் வலித்துவிட்டது" என்றான் ஹப்து.
சொல்லிவிட்டு பீரை ஒரு வாய் குடித்து
மேஜையிலேயே தூங்கிப்போனான்.
ரூஸோம் தன் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தான்.
மசாவாவின் உப்பளத்தில் பாதி
எங்கள் சட்டைகளில் ஏறி வந்திருந்தது.

முதலில் வந்தவன் கிப்ரோம்.
அவன் முன்னால் அலுமினியத் தட்டில் ஃபூல்,
மசித்த அவரையின்மேல் வெங்காயம், பச்சை மிளகாய்,
ஓரத்தில் தயிர், எண்ணெய் ஆறி ஏடு கட்டியிருந்தது.
ரொட்டியைப் பிய்த்தான். முகர்ந்தான். வைத்தான்.
மலை அவன் வயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டது.
கண்ணாடித் தம்ளரில் தேநீர் மட்டும்,
ஐந்து கரண்டிச் சர்க்கரை.
ஆறாவதைப் போடுவானா என்று
நாங்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தோம்.
போட்டான்.

தோற்றவளின் வயிறு திறந்தே இருந்தது.
என் தட்டு முடிந்து அவன் தட்டு,
அவன் தட்டு முடிந்து ஹப்துவின் பாதி.
மிளகாய் முள்ளைக் கண்டுபிடித்தபோது
கண்ணில் நீர் வந்தது, தின்பதை நிறுத்தவில்லை.
கடைக்காரி லெத்தேபிரான் நோட்டைத் திறந்தாள்:
ஃபூல் நான்கு, தேநீர் ஏழு, பீர் ஒன்று.
வென்றவன் பெயரை அன்று எவரும் எங்கும் எழுதவில்லை.
என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

இரவு இரண்டு மணி இருக்கும்.
படுத்த பிறகும் கால்கள்
தம்பாட்டில் மிதித்துக்கொண்டிருக்க,
கதவைத் தட்டும் சத்தம்.
கீழ்வீட்டுக் கிப்ரோம். வெறுங்கால்.
கையில் சைக்கிள் விளக்கு, மின்வெட்டு.
"இப்போதுதான் திறந்தது" என்றான்
வயிற்றைத் தொட்டு, வெட்கத்தோடு.

காய்ந்த கிச்சா ரொட்டி இருந்தது. சர்க்கரை இருந்தது.
மாடிப்படியில் உட்கார்ந்து
குதிரைபோல் சத்தமாக மென்றான்.
"ஏன் பேச மாட்டேன் என்கிறாய், கோபமா?"
நாக்கை நீட்டிக் காட்டினேன்.

ஒரு கன்னம் நிறைய ரொட்டியோடு
விளக்கை என் வாயருகே பிடித்து
மலை உச்சியைத் தேடும் முகத்தோடு தேடுகிறான்.
"ஆடாதே" என்கிறான்.
சர்க்கரை சிந்துகிறது.