கவை

ஒரு ‘டக்.’
முதலில் அவ்வளவுதான்.
முன் பிரேக்கைப் பிடித்து விட்டால்
கைப்பிடி வழியாக ஏறி
மணிக்கட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

நாகலூரிலிருந்து ரத்தம் கொண்டுவருபவன் நான்.
ஐஸ் பெட்டியில் நாற்பது குப்பி,
சர்க்கரை, உப்பு, கொழுப்பு, தைராய்டு.
பதினொன்றரைக்குள் அஸ்தம்பட்டி லேபில் சேர வேண்டும்.
ஏற்காட்டிலிருந்து இறங்கும் இருபது வளைவையும்
உடம்பு மனப்பாடம் செய்து வைத்திருந்தது.
இப்போது ஒவ்வொன்றிலும்
காது முன்னால் போகிறது,
வண்டி பின்னால் வருகிறது.

ஐந்து ரோடு ஷோரூமில்
டை கட்டிய பையன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.
“கோன் செட் லூஸ் சார், டைட் வெச்சாச்சு.”
பில் அறுநூற்று நாற்பது.
அடுத்த வாரம், “புது வண்டி, செட் ஆகணும்.”
அதற்கடுத்த வாரம், “ரோடு அப்படி சார்.”
கவையைப் பற்றிக் கேட்கப் போனால்
எல்லாமே கவைக்குதவாத பேச்சு.

காத்திருக்கும் பெஞ்சில்
என்னுடையது போலவே சாவியோடு ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை தீர்த்தகிரி, மளிகை சப்ளை.
“உங்களுக்கும் டக்கா?”
அப்படித்தான் ஆள் சேர்ந்தது.
சேசிஸ் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை
ஜாதகம் மாதிரி ஒப்பிட்டுக்கொண்டோம்.
பொருத்தம் அதிகமாகத்தான் இருந்தது.

குணாளன் விழுந்தது பதினாலாம் வளைவில்.
ஏறிக்கொண்டிருந்தான்,
இரண்டாம் கியர், பின்னால் தக்காளிக் கூடை.
காரையெலும்பு இரண்டு இடத்தில்.
காவல் நிலையத் தாளில் ‘அதிவேகம்.’
மலை ஏறும்போது, தக்காளியோடு,
என்னங்க அதிவேகம் என்று
அவன் மனைவி கேட்டாள்.
அதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

ஞாயிறு காலை, அடிவாரத்தில் பதினோரு வண்டி.
கோட்டை ஜாபர் எவர்சில்வர் வெல்டர்;
தன் வண்டியிலிருந்தே தொடங்கினார்.
இரு கால்களும் சேரும் கழுத்தில்
டீசல் துணியால் ஊறத் தடவி,
ஒரு டீ நேரம் கழித்து, நன்றாகத் துடைத்தார்.
“மேல வெள்ளையா எதையாவது தூவணும். சாக்பீஸ் இருக்கா?”
யாரிடமும் இல்லை.
தீர்த்தகிரி சட்டைப்பையைத் தடவி
கஞ்சமலைத் திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினார்.
சிரித்தோம். கொஞ்ச நேரம்தான்.

வண்டி எடுத்த அன்று பூசிய இடத்துக்கு
ஒரு சாண் கீழே
திரும்பவும் திருநீறு.
லூர்துராஜ் டார்ச் பிடிக்க
ஜாபர் மெல்ல ஊதினார்.
உள்ளே ஒளிந்திருந்த டீசல் கசிந்து
வெள்ளையில் இழுத்தது
ஒரு கறுத்த மயிரிழை.

நாலு வண்டியில்.
நர்ஸ் பிரேமகுமாரியுடையதில் அது
பாதிக்கு மேல் சுற்றி வந்திருந்தது.
அவள் கோட்டைப் பார்க்கவில்லை.
டேங்கின் மேல் மகன் உட்காரும் இடத்தில்
ஒட்டியிருந்த பொம்மைப் படத்தை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

என்னுடையதில் கோடு இல்லை.
இரண்டு முறை தூவினோம்.
“இன்னைக்கு இல்ல” என்றார் ஜாபர்.
அந்த ‘இன்னைக்கு’
டக்கைவிடச் சத்தமாகக் கேட்கிறது.

படங்களை அனுப்பியதற்குக்
கம்பெனியிலிருந்து பதில் வந்தது.
பரிசீலனையில் இருக்கிறதாம்.
எதற்கும் மெதுவாக ஓட்டச் சொல்கிறார்கள்.
இருபது கொண்டை ஊசி,
ஒரு மயிரிழை;
இதில் மெதுவாக என்றால் எவ்வளவு?

இன்று திங்கள். மூடுபனி இன்னும் விலகவில்லை.
கழுத்தில் ஒட்டிய திருநீற்றைத் துடைக்காமல் விட்டிருக்கிறேன்,
பக்தியா சந்தேகமா தெரியாது.
பெட்டியில் நாற்பது பேர்
முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்,
ஒருவர் பெயரும் எனக்கு நினைவில்லை.
இருபதாம் வளைவு.
ஒரு விரலால் மட்டும்
பிரேக்கைத் தொடுகிறேன்.