மாமியாரின் இடுப்பெலும்பு

ஏழு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும்
ச. மயிலாத்தாள் என்று எழுதினேன்.
கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல்
பேனா வழுக்கி
'ள்' மட்டும் வெளியே போய் விழுந்தது.

நூல் மில்லில் விடுதிக் காப்பாளர் வேலை.
மாசம் பதினெட்டாயிரம், சாப்பாடு அங்கேயே.
"ஆடி முடியட்டுமுங்க்கா,
ஆவணி ரெண்டு, திங்கக்கெழம வந்துருங்க"
என்றார் மேனேஜர் கதிர்வேல்சாமி.
மகனின் பாலிடெக்னிக் பீஸ்,
எருமை வாங்கின கடன், கரண்ட் பில்
எல்லாம் அந்தப் பதினெட்டுக்குள்
இடித்துப் பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டன,
மூலனூர் போகும் கடைசி பஸ் மாதிரி.

மை காய்வதற்குள் இடத்தைச் சுற்றிக் காட்டினார்கள்.
முப்பது கட்டில், அறுபது பிள்ளைகள்,
ஒருத்தி எழுந்த சூட்டில் இன்னொருத்தி படுக்கிறாள்.
ஒரிசாவாம்.
என் அறை தனி. ஜன்னல் கேட்டைப் பார்த்தது.
சுவரில் பச்சை அலமாரி,
புறாக்கூண்டு போல அறுபது கட்டம்,
கட்டத்துக்கு ஒரு செல்போன்.
ஞாயிறு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கொடுத்து
எண்ணித் திரும்ப வாங்க வேண்டும்.
"நாலாவது பக்கத்துல போட்டிருக்குதுங்க்கா."
நாலாவது பக்கத்திலும்
ச. மயிலாத்தாள் இருந்தாள்.

அப்போதுதான் முப்பத்தேழாம் கட்டத்தில்
ஒன்று அதிர ஆரம்பித்தது.
சத்தமில்லை, அமர்த்தி வைத்திருந்தார்கள்.
திரையில் ஒரு பெயர்.
உருண்டை உருண்டை எழுத்து,
ஒவ்வொன்றின் தலையிலும்
கும்பா கவிழ்த்த மாதிரி.
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.
அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புவரை நகர்ந்து வந்தது.
பேச்சை நிறுத்தாமலே மேனேஜர்
ஒரு விரலால் உள்ளே தள்ளினார்,
மேசையோரத்து டம்ளரைத் தள்ளுவதுபோல.
கெட்ட மனுஷர் இல்லை.
மறுபடி அதிர்ந்தது.
ஏழு வரை எண்ணினேன்.
அதற்குள் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார்கள்.
இடுப்பில் சொருகிப் பார்த்தேன்,
நடந்தால் இடப்பக்கம் சாய்ந்தது.

ஒன்பது நாள் ஒன்றும் ஆகவில்லை.
கொறங்காட்டில் கிளுவை வேலி அடைத்தோம்.
நீலச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன்.
பத்தாம் நாள் பஸ் ஏறினேன்.
"பூட்டுற வேல எனக்கு வேண்டாமுங்க."
காற்றாடிகள் தெரிகிற இடம் வரைக்கும்
அதையே சொல்லிச் சொல்லிப் பழகினேன்.
வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

ஏசி அறை. "என்னுங்க்கா, நாளைக்கேவா?" என்று சிரித்தார்.
"மாமியாளுக்கு இடுப்பொடிஞ்சு போச்சுங்க.
பாக்க வேற ஆளில்லீங்க"
என்றது என் வாய்.

எழுந்து நின்றுவிட்டார்.
எப்போது? எந்த ஆஸ்பத்திரி? பிளேட் வைத்தார்களா?
அவர் அம்மாவுக்கும் போன தையில் இதேதானாம்.
தாராபுரம், பாத்ரூம், வழுக்கல்
எல்லாம் தடையில்லாமல் வந்தன,
தறியில் நூல் ஓடுகிற மாதிரி.
"வராம நின்னா ஒரு மாசச் சம்பளம் கட்டோணும்னு
ஆறாம் பக்கத்துல இருக்குது.
அத நாம் பாத்துக்கறனுங்க"
என்று ஏழையும் சேர்த்து ரெண்டாகக் கிழித்தார்.
பழம் வாங்கச் சொல்லி ஐநூறு ரூபாய் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

நான் கதவைத் திறப்பதற்குள்
வரிசையில் எனக்கு அடுத்தவளுக்குப் போன் போட்டார்.
ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.
திங்கட்கிழமை வருவதாகச் சொல்கிறாள் போல.
"சந்தோசமுங்க, சந்தோசமுங்க" என்றார்.

வீட்டில் மாமியார்
சாளையின் மேல் ஏறி நின்று
தகரத்துக்குக் கல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.
சாத்துக்குடிப் பையைக் கீழிருந்து காட்டினேன்.
குதித்தே இறங்கினார்.

மூன்று தின்றுவிட்டு,
"ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போலாமா,
ரெண்டு கோழிக்குஞ்சு பாத்துட்டு வருவோம்" என்றார்.
மில் வேனும் அங்கேதான் காய் வாங்க வரும்.
"இந்த ஆவணி பூரா
நீங்க சந்தைப் பக்கம் வேண்டாமுங்க அத்தை."
"ஏனாயா?"
"இடுப்புங்க."
"என்ற இடுப்புக்கு என்ன கேடு?" என்று
கொட்டையைத் துப்பினார்.